வண்ணக் கண்ணாடி வேலைக்கு ஏன் இவ்வளவு செலவாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டெயின்டு கிளாஸ் செய்கிறவர்களும், செய்து தரச் சொல்லி வருகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வண்ணக் கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, செம்பு ஃபாயில் (மெல்லிய செம்பு நாடா) ஒட்டியோ ஈயச் சட்டத்தில் செருகியோ, சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) வைத்து இணைக்கும் வேலை இது. 2020க்குப் பிறகு இதற்கு வேண்டிய பொருள் அநேகமாக எல்லாமே விலை ஏறிவிட்டது. சிலது ஏறி இறங்கியது, சிலது ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. எது எதனால் ஏறியது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல முடியும். நம் கூலியையும் காப்பாற்றிக்கொள்ள முடியும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதனால் இந்த விலையேற்றம்?

முக்கியமாக நான்கு காரணங்கள்: கண்ணாடி உலையில் எரியும் வாயு, சால்டரில் இருக்கும் வெள்ளீயம், சரக்குக் கட்டணம், ரூபாயின் மதிப்பு. நல்ல வண்ண ஷீட்டுகள் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் மெக்சிகோவிலும் உருவாகி நம்மிடம் வருகின்றன. 2020 தொடக்கத்தில் டாலருக்கு 71 ரூபாய் அளவில் இருந்தது. 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. அங்கே ஒரு காசுகூட விலை ஏற்றாமல் இருந்திருந்தாலும் நமக்குக் கால்பங்குக்கு மேல் ஏறியிருக்கும். அங்கேயும் ஏறியது என்பதுதான் நிலைமை.

கண்ணாடி என்பது மணல்தானே? மணலுக்கு என்ன அவ்வளவு விலை?

மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் என்று மூலப்பொருள்கள் மலிவானவைதான். அவற்றை உருக்குகிற நெருப்புக்குத்தான் செலவு. உலையின் வெப்பம் 1,400 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் பற்ற வைக்கலாம் என்றால் அது நடக்காது. உலையின் உட்சுவரும் உள்ளே இருக்கும் களிமண் பானைகளும் குளிர்ந்தால் வெடித்துவிடும். மறுபடி சூடேற்ற நாட்கணக்கில் ஆகும், அதையும் மெல்ல மெல்லத்தான் செய்ய வேண்டும். அதனால் ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும் கிறிஸ்துமஸ் ஆனாலும் உலை எரிந்துகொண்டே இருக்கும். வாயுக்கட்டணம் ஏறினால் "இந்த மாதம் கொஞ்சம் குறைவாக எரிப்போம்" என்று சொல்ல வழியில்லை.

இதற்குப் பிறகும் நெருப்பு தேவைப்படுகிறது. உருட்டித் தட்டையாக்கிய ஷீட்டை அப்படியே ஆறவிட்டால் உள்ளே இறுக்கம் தங்கி, நாம் வெட்டும்போது கண்ட இடத்தில் கீறிக்கொண்டு ஓடும். அதனால் நீளமான, ஆறவைக்கும் சூளைக்குள் அனுப்பிப் படிப்படியாகக் குளிர வைக்கிறார்கள். உங்கள் கட்டர் போட்ட கோட்டில் கண்ணாடி ஒழுங்காக உடைகிறதென்றால், அந்தச் சூளைக்கு யாரோ காசு கட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடிக்கும் உலை உண்டே என்று கேட்கலாம். அந்த ஆலைகள் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான டன் ஒரே நிறத்தில் தள்ளுகின்றன. வண்ணக் கண்ணாடி ஆலையில் ஒரு பானையில் ஒரு நிறம். கரண்டியில் அள்ளி, மேடையில் கலந்து, உருளைக்குள் விட்டு, ஷீட் ஷீட்டாக எடுக்கிறார்கள். எரிகிற வாயு எத்தனை ஷீட்டுக்குப் பங்காகிறது என்று பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

எரிவாயு விலை இவ்வளவு முக்கியமென்றால், முன்பெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள்?

வாயு கிடைக்கும் ஊருக்கே போய் உட்கார்ந்தார்கள். இந்தத் தொழிலின் வரைபடத்தை வரைந்ததே எரிபொருள்தான் என்று நான் நினைக்கிறேன்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கொகோமோ என்று ஒரு ஊர். 1886இல் அங்கே இயற்கை எரிவாயு கிடைத்தது. இரண்டே ஆண்டில், 1888இல், கொகோமோ ஒபலெசென்ட் கிளாஸ் தொடங்கியது. பெயர்பெற்ற அமெரிக்க வண்ணக் கண்ணாடிக் கலைஞர் டிஃபனி தன் ஜன்னல்களுக்கும் விளக்குகளுக்கும் அங்கிருந்து கண்ணாடி வாங்கினார். அந்த ஆலை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த வாயுவை அந்தக் காலத்து மக்கள் நடத்திய விதம் மனதை உறுத்துகிறது. கிணறு வெற்றி என்று காட்டுவதற்காகக் குழாய் முனையில் தீ வைத்து இரவும் பகலும் எரியவிட்டார்கள். வாயு முடிவில்லாதது என்று நம்பினார்கள். 1891இல் மாநிலச் சட்டமன்றம் அந்தத் திறந்த தீயைத் தடை செய்தது, ஆனாலும் வீணாக்குவது நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளுக்குள் அந்த வாயுக் கிணறுகளின் அழுத்தம் விழுந்துவிட்டது. மலிவு வாயுவை நம்பி வந்த கண்ணாடி ஆலைகள் பல மூடின அல்லது இடம் மாறின. கொகோமோ ஆலை தப்பியது, ஆனால் எரிவாயுவுக்குச் சந்தை விலை கொடுத்துத்தான்.

மேற்கு வர்ஜீனியாவின் பேடன் சிட்டியில் 1904இல் தொடங்கிய விஸ்மாக், பென்சில்வேனியாவின் கானல்ஸ்வில்லில் 1978இல் வந்த யாக்கியகேனி ஆகியவையும் நிலக்கரியும் வாயுவும் கிடைக்கும் வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அதே மேற்கு வர்ஜீனியாவில் வாயால் ஊதிய ஷீட்டுக்குப் பெயர்பெற்ற பிளென்கோ ஆலை, எரிவாயுக் கட்டணத் தகராறில் 2009இல் சிறிது காலம் உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று.

அமெரிக்க வாயு விலை ஒரே சீராக இருந்ததும் இல்லை. 2005இல் கத்ரினா புயலுக்குப் பிறகு எகிறியது. 2008 நடுவில் மறுபடியும் எகிறியது. பிறகு பாறை வாயு பெருகியதால் பல ஆண்டுகள் கீழேயே கிடந்து, 2020இல் பத்து லட்சம் பி.டி.யூ. (வாயுவை அளக்கும் வெப்ப அலகு) சராசரியாக 2 டாலர் என்று ஆனது. 2022 ஆகஸ்டில் அது 9 டாலரைத் தாண்டியது. பின்னர் இறங்கிவிட்டதே, ஷீட் விலை ஏன் இறங்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஏற்றத்தை ஆலைகள் முழுதாக நம் தலையில் கட்டவில்லை, ஒரு பங்கைத் தாங்களே சுமந்தன. அந்தப் பள்ளம் நிரம்பும் முன்பே கூலி, காப்பீடு, உலைப் பராமரிப்பு எல்லாம் ஏறிவிட்டன.

ஐரோப்பாவில் நிலைமை எப்படி?

அங்கே அடி இன்னும் பலமாக விழுந்தது. 2021 தொடக்கத்தில் ஐரோப்பிய மொத்தச் சந்தையில் ஒரு மெகாவாட் மணி வாயு ஏறக்குறைய 20 யூரோ. ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு, 2022 ஆகஸ்ட் கடைசியில் 340 யூரோ அளவுக்குப் போனது. பதினேழு மடங்கு. அணைக்க முடியாத உலையை வைத்துக்கொண்டு இதை எதிர்கொள்வதை யோசித்துப் பாருங்கள்.

தேவாலய ஜன்னல்களுக்கு வேண்டிய, வாயால் ஊதிய கண்ணாடி அங்கிருந்துதான் வருகிறது. ஜெர்மனியில் வால்ட்சாசன் என்ற சிற்றூரில் லாம்பர்ட்ஸ், பிரான்சில் 1826 முதல் இயங்கும் சாஞ்ஜூஸ்ட். உருகிய கண்ணாடியை நீள உருளையாக ஊதி, முனைகளை வெட்டி, நீளவாக்கில் கீறி, மறுபடி சூடாக்கி விரித்துத் தட்டையாக்குகிறார்கள். ஒரே ஷீட்டுக்கு இரண்டு மூன்று முறை நெருப்பு. 2023 டிசம்பரில் ஆறு ஐரோப்பிய நாடுகளின் கைவினைக் கண்ணாடித் தொழிலை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல விஷயம்தான், ஆனால் பட்டியல் வாயுக்கட்டணத்தைக் கட்டாது.

பிரிட்டனில் அதே 2023இல், அருகி வரும் கைவினைகளின் பட்டியலில் வாயால் ஊதிய தட்டைக் கண்ணாடி செய்வது 'அழிந்துவிட்டது' என்ற வரிசைக்குப் போனது. கேன்டர்பரி, யார்க் தேவாலய ஜன்னல்களின் நாட்டில் அந்தக் கண்ணாடியை ஊத ஒரு பட்டறைகூட மிஞ்சவில்லை. பழுது பார்க்க வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும். எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

ஒரு ஆலை மூடினால் இன்னொன்றில் வாங்கிக்கொள்ளலாமே?

2016இல் அதைத்தான் எல்லோரும் முயன்றார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் உடின்வில்லில் 1976 முதல் இயங்கிய ஸ்பெக்ட்ரம் ஆலையின் ஷீட்தான் உலகம் முழுவதும் வகுப்புகளில் முதலில் கையில் கொடுக்கப்பட்ட கண்ணாடி. சீராக வெட்டும், விலையும் கட்டுப்படி ஆகும். அந்த ஆலை மூடப்போகிறது என்று அறிவித்ததும் உலகமெங்கும் கடைகளில் அலமாரி காலியானது. 2008 மந்தத்தில் விழுந்த விற்பனை எழவே இல்லை, பெரிய உலையைச் சிறிய விற்பனையை வைத்து ஓட்ட முடியவில்லை என்பது முக்கியக் காரணம்.

அதே ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்டில் வேறு பிரச்சினை. அமெரிக்க வனத்துறை மரப்பாசிகளைச் சோதித்ததில் கண்ணாடி ஆலைகள் இருந்த பகுதியில் காட்மியமும் ஆர்சனிக்கும் கூடுதலாகத் தெரிந்தன. புல்ஸ்ஐ ஆலை சில உலோகங்களை நிறுத்திவைத்துப் புகை வடிகட்டி பொருத்திய பிறகுதான் அந்த நிறங்களைத் தொடர முடிந்தது. அதே ஊரின் உரோபரோஸ் தொழிலிலிருந்து விலகியது. ஸ்பெக்ட்ரம், உரோபரோஸ் இரண்டின் வகைகளையும் ஓஷன்சைட் என்ற நிறுவனம் வாங்கி மெக்சிகோவின் டிஹுவானாவில் தயாரிக்கத் தொடங்கியது. நிறங்கள் திரும்பி வர நாளானது, சில வரவே இல்லை.

புகை வடிகட்டிக்கு ஆகும் செலவும் ஷீட் விலையில்தான் சேரும். அதில் எனக்கு மனக்குறை கிடையாது. பக்கத்து வீட்டுக் குழந்தை மூச்சில் காட்மியம் போகாமல் இருக்க ஆகும் செலவு நியாயமான செலவு.

ஒரே கடையில், ஒரே அளவில், பச்சை ஒரு விலை, பிங்க் அதைப்போல் மூன்று மடங்கு. ஏன்?

நிறத்தைத் தருவது உலோகம். பச்சைக்கு இரும்பும் குரோமியமும் போதும். நீலத்துக்குக் கோபால்ட். மஞ்சள், ஆரஞ்சு, பளிச்சென்ற சிவப்புக்குக் காட்மியமும் செலினியமும். ரோஜா நிறத்துக்கும் கிரான்பெர்ரி பழச் சிவப்புக்கும் உண்மையான தங்கம். தங்கத்தைக் கரைத்து மிகக் குறைந்த அளவில் கலக்கிறார்கள். அவுன்ஸ் தங்கம் 2020 தொடக்கத்தில் 1,550 டாலர் சுற்றி இருந்தது, 2025 அக்டோபரில் 4,000ஐத் தாண்டியது. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு நகை வாங்கும்போது கேட்கிற அதே விலையேற்றம் பிங்க் கண்ணாடியிலும் இருக்கிறது.

கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோவிலிருந்து வருகிறது. அந்த நாடு 2025 பிப்ரவரியில் ஏற்றுமதியை நிறுத்தி, பிறகு அளவு நிர்ணயித்து விட்டது. நீலம் நிறையப் போகும் டிசைன் என்றால் இதை மனதில் வையுங்கள். தாமரை, மயில் எல்லாம் வரைந்து முடித்துவிட்டு விலை கேட்டால் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். படம் போடும்போதே பிங்க் எத்தனை சதுர அடி என்று கணக்கிட்டுவிடுங்கள்.

சால்டர் விலை ஏன் இப்படித் துள்ளுகிறது?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் அதிகம் பயன்படுத்தும் 60/40 சால்டரில் நூற்றுக்கு 60 பங்கு வெள்ளீயம் (டின்), 40 பங்கு காரீயம் (லெட்). காரீயம் டன் 2,000 டாலரை ஒட்டியே பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெள்ளீயம் அப்படியில்லை. லண்டன் உலோகச் சந்தையில் 2020 தொடக்கத்தில் டன் 17,000 டாலர் அளவில் இருந்தது, 2022 மார்ச்சில் 50,000 வரை போனது, அந்த ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே விழுந்தது, 2024இல் மறுபடி 30,000க்கு மேல் ஏறியது.

ஒரு கிலோ சால்டருக்குக் கணக்குப் போடுவோம். உள்ளே 600 கிராம் வெள்ளீயம். டன் 17,000 என்றால் அதன் மதிப்பு ஏறக்குறைய 10 டாலர். டன் 50,000 என்றால் 30 டாலர். மீதி 400 கிராம் காரீயம் ஒரு டாலர்கூட வராது. ஆக, சால்டர் வாங்குவதென்றால் நடைமுறையில் வெள்ளீயம் வாங்குவதுதான்.

வெள்ளீயத்தின் விலை ஏன் இப்படி? உலகத்தில் உற்பத்தியாகும் வெள்ளீயத்தில் ஏறக்குறைய பாதி சால்டராகவே போகிறது, அதில் மிகப் பெரும்பங்கு மின்னணுப் பலகைகளுக்கு. கொரோனா காலத்தில் எல்லோரும் லேப்டாப்பும் போனும் வாங்கியபோது கிராக்கி கூடியது. வெட்டி எடுக்கும் இடங்களோ சில மட்டுமே: சீனா, இந்தோனேசியா, மியான்மர், பெரு, காங்கோ. மியான்மரின் வா பகுதி 2023 ஆகஸ்டில் சுரங்க வேலையை நிறுத்தியது. 2024 தொடக்கத்தில் இந்தோனேசியாவில் ஏற்றுமதி உரிமங்கள் தாமதமாயின. 2025 மார்ச்சில் கிழக்குக் காங்கோவில் சண்டை நெருங்கியதால் பிசியே சுரங்கம் வேலையை நிறுத்தியது. இவை நடக்கும்போதெல்லாம் நம் ஊர்க் கடையில் சால்டர் சுருளின் விலை மாறும்.

உங்கள் வீட்டில் ரசம் வைக்க ஈயச்சொம்பு இருந்தால், அதுவும் இந்த வெள்ளீயம்தான். கும்பகோணத்துக் கடையில் ஈயச்சொம்பு விலை கேட்டுத் திகைத்த அம்மாவுக்கு ஸ்டெயின்டு கிளாஸ் விலையேற்றத்தை விளக்குவது ரொம்பச் சுலபம்.

அப்படியானால் 50/50 சால்டர் வாங்கினால் மிச்சமாகுமா?

ஆகும். வெள்ளீயத்தில் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் 50/50 முழுதாக இறுகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், மேலே எழும் மணி (இணைப்பின் மேல் சால்டர் உருண்டு நிற்கும் வரி) அவ்வளவு உருண்டையாக வராது. என் பழக்கம்: இடைவெளியை நிரப்பவும், பின்பக்கத்துக்கும், ஈயச் சட்ட மூட்டுகளுக்கும் 50/50. கண்ணில் படும் முன்பக்க மணிக்கு மட்டும் 60/40.

அதைவிடப் பெரிய சேமிப்பு கண்ணாடி ஓரம் தேய்க்கும் கிரைண்டரில் இருக்கிறது. துண்டுகள் சரியாகப் பொருந்தவில்லை என்றால் நடுவில் விழும் இடைவெளியை நிரப்புவது சால்டர்தான். நன்றாகத் தேய்த்துப் பொருத்திய பேனலுக்கும் ஏனோதானோ என்று பொருத்தியதற்கும் சால்டர் செலவில் கண்கூடான வித்தியாசம் இருக்கும். வேலை தொடங்கும் முன் சுருளை எடை போடுங்கள், முடிந்ததும் போடுங்கள். அந்த எண்ணை எழுதி வையுங்கள்.

காரீயமில்லாத சால்டர் இன்னும் விலை கூடியது, ஏனென்றால் அதில் 95 பங்குக்கு மேல் வெள்ளீயமே. ஆனாலும் கழுத்தில் போடும் பதக்கம், குழந்தைகள் கையில் எடுக்கும் பொருள் என்றால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஈயச் சட்டமும் செம்பு ஃபாயிலும்?

காரீயத்தின் விலை நம்மை அதிகம் படுத்தவில்லை. அதற்கு வேறு கவலை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் காரீயத்தை மிகுந்த கவனத்துக்குரிய பொருள்களின் பட்டியலில் வைத்தது. தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது என்ற கட்டத்துக்கு நகர்த்தலாம் என்று 2023இல் அங்குள்ள ரசாயன முகமை பரிந்துரைத்தது. அப்படி ஆனால் ஒரு சிறு பட்டறை அனுமதி வாங்கும் செலவிலேயே படுத்துவிடும் என்று அங்குள்ள கைவினைஞர்கள் குரல் கொடுத்து வருகிறார்கள்.

செம்பு 2024 மே மாதத்தில் டன் 11,000 டாலரைத் தாண்டியது. ஃபாயில் எடை குறைவு என்பதால் ஒரு பேனலில் அது சிறிய தொகைதான். மலிவு ஃபாயில் வாங்கிப் பசை பிடிக்காமல் மறுபடி ஒட்டுவது அதைவிட நஷ்டம்.

சரக்குக் கட்டணம் அவ்வளவு வருமா?

3 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு ஏழரைக் கிலோ. சதுர அடிக்கு 700 கிராம். நூறு சதுர அடி வாங்கினால் 70 கிலோ, அதற்கு மேல் மரப்பெட்டியின் எடை. உடையும் சரக்கு என்பதால் பெட்டி கெட்டியாக இருக்க வேண்டும், காப்பீடும் வேண்டும். 40 அடி கன்டெய்னருக்கு 2019இல் உலகச் சராசரியாக 1,400 டாலர் அளவில் இருந்த கப்பல் வாடகை 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. அது தணிந்து வரும் நேரத்தில், 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட, ஐரோப்பாவிலிருந்து வரும் சரக்கு ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றி வரத் தொடங்கியது. கூடுதல் நாட்கள், கூடுதல் எரிபொருள். துறைமுகத்திலிருந்து உங்கள் ஊர் வரைக்கும் டீசல் செலவு தனி.

தனியாக வரவழைப்பதை விட நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைப்பது நல்லது. போட்டியாளர் என்று தள்ளி நிற்காமல் பேசிப் பாருங்கள்.

நம் ஊரிலேயே கிடைக்கும் கண்ணாடியைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. குளியலறை ஜன்னலுக்கு விற்கும் பின்ஹெட், கோடு போட்ட ஃப்ளூட்டட் போன்ற நிறமில்லாத கண்ணாடிகள் பின்னணிக்கு நன்றாக உழைக்கும். ஒரு பேனலில் பாதிக்குப் பாதி பின்னணிதான் இருக்கும். அதை உள்ளூர்க் கண்ணாடியில் செய்துவிட்டு, பூவுக்கும் பறவைக்கும் மட்டும் இறக்குமதி ஷீட்டை வைத்தால் மொத்தச் செலவு நன்றாகக் குறையும், அழகும் குறையாது. வெளிச்சம் உள்ளே வர அது உதவவும் செய்யும். தடிமன் மட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, இடித்த வீட்டுக் கண்ணாடி. செட்டிநாட்டு வீடுகளின் கதவு, ஜன்னல் மேலே இருந்த நீல, பச்சை, சிவப்புக் கண்ணாடிகள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கண்ணில் படும். பழைய கண்ணாடி வெட்டுவதற்கு முரண்டு பிடிக்கும், நன்றாகக் கழுவி, புதிய கட்டரால், ஓரத்தில் சோதித்துவிட்டு வெட்டுங்கள். அந்த வீடுகளில் இன்னும் நல்ல நிலையில் இருக்கும் கண்ணாடியைக் கழற்றி விற்கச் சொல்லி யாரையும் தூண்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சாதாரணக் கண்ணாடியில் வண்ணப் பிலிம் ஒட்டி, மேலே ஈயக் கோடு ஒட்டி 'ஸ்டெயின்டு கிளாஸ்' என்று சில கடைகளில் விற்கிறார்கள். விலை குறைவு, வெயிலில் சில ஆண்டுகளில் வெளுக்கும். வாங்குகிறவர் தெரிந்தே வாங்கினால் சரி. அந்த விலையை நம் விலையோடு ஒப்பிட வேண்டாம்.

என் சூளைக்கு மின்கட்டணம் எவ்வளவு சேர்க்க வேண்டும்?

கண்ணாடியில் தீட்டிய வண்ணத்தைச் சுட்டுப் பதிக்கும் 3 கிலோவாட் மின்சூளை பத்து மணி நேரம் ஓடி, அதில் பாதி நேரம் கம்பி சூடேறினால் 15 யூனிட். உங்கள் இணைப்புக்கு என்ன விகிதமோ அதால் பெருக்குங்கள். பாதி காலியாகச் சூளையை ஏற்றாதீர்கள், வண்ணம் தீட்டிய துண்டுகளைச் சேர்த்து வைத்து ஒன்றாகச் சுடுங்கள். சால்டரிங் அயர்னின் மின்செலவு பெரிய விஷயமில்லை.

பழைய சால்டர், ஈயத் துண்டுகளை வீட்டிலேயே உருக்கிப் பயன்படுத்தலாமா?

வேண்டவே வேண்டாம். அந்தப் புகையும் சாம்பலும் சமையலறையில் படிந்தால் குழந்தைகளுக்குத்தான் முதலில் பாதிப்பு. தனி டப்பாவில் சேர்த்து வையுங்கள். காயலான் கடையில் ஈயத்துக்கு விலை உண்டு. கையுறை, முகக்கவசம், புகை இழுக்கும் விசிறி ஆகியவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எங்கள் சர்ச் ஜன்னல் வளைந்து தொங்குகிறது. புதிதாகப் போடுவதா, பழுது பார்ப்பதா?

கண்ணாடி நன்றாக இருந்தால் பழுது பாருங்கள். வளைவது பெரும்பாலும் ஈயம் தளர்ந்ததால். ஈயச் சட்டத்தின் ஆயுள் நூறு ஆண்டு சுற்றி, கண்ணாடியோ பல நூற்றாண்டு நிற்கும். கவனமாகப் பிரித்து, சுத்தம் செய்து, புதிய ஈயத்தில் அதே துண்டுகளை வைப்பதில் பெரும்பங்கு ஆள்கூலிதான். விலை ஏறிய பொருளான வண்ணக் கண்ணாடி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதுச்சேரி இருதய ஆண்டவர் பேராலயத்தில் புனிதர்கள் நிற்கும் ஜன்னல்களைப் பாருங்கள். அதுபோன்ற பழைய கண்ணாடியை ஒருமுறை தூக்கிப் போட்டால் அதே நிறத்தை இன்று எந்தக் கடையிலும் வாங்க முடியாது. உடைந்த ஒன்றிரண்டு துண்டுக்காக முழு ஜன்னலையும் மாற்றச் சொல்கிறவர்களிடம் ஃபாதரும் கமிட்டியும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வாடிக்கையாளரிடம் விலையை எப்படிச் சொல்வது? ஏற்றினால் ஓடிவிடுகிறார்கள்.

நம்மில் பலர் செய்வது இதுதான்: கண்ணாடிக் கடைக்காரர் ஏற்றியதைக் கொடுக்கிறோம், சால்டர் கடைக்காரர் ஏற்றியதைக் கொடுக்கிறோம், வாடிக்கையாளரிடம் பழைய விலையையே சொல்கிறோம். நடுவில் உள்ள தொகை நம் கூலியிலிருந்து போகிறது. வருஷக் கடைசியில் பார்த்தால் கையில் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் ஆலையை மூடச் செய்த அதே நிலைமைதான் இது, அளவு மட்டும் சிறியது. இதை நான் கடுமையாகவே சொல்வேன்: பொருளின் விலையேற்றத்தைக் கைவினைஞர் தன் உழைப்பால் ஈடுகட்டக் கூடாது.

பேனலுக்குப் போன கண்ணாடியைச் சதுர அடியில் எழுதுங்கள், வெட்டில் வீணாகும் மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்து. சால்டரை எடையில் எழுதுங்கள். ஃபாயில், ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்கத் தடவுவது), கிரைண்டர் பிட், பெட்டி, மின்சாரம். பிறகு மணிக்கணக்கு. டிசைன் வரைந்ததும், கண்ணாடி தேடிப் போனதும், பேனலைக் கழுவியதும் மணிக்கணக்கில் வரும். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இருபது துண்டுள்ள சதுர அடியும் ஐம்பது துண்டுள்ள சதுர அடியும் ஒன்றல்ல.

விலைப்பட்டியலில் 'இந்த விலை 15 நாள் வரை' என்று போடுங்கள். ஆர்டர் உறுதியானதும் பொருளுக்கு ஆகும் தொகையை முன்பணமாக வாங்கி, அன்றே கண்ணாடியை வாங்கிவிடுங்கள். பொருள் ஒரு வரி, கூலி ஒரு வரி என்று பிரித்துக் காட்டினால் பேரம் பேசுகிறவர்கூட யோசிப்பார். "தெரிஞ்சவங்கதானே, பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்று வருபவருக்கு டிசைனைச் சுருக்கிக் கொடுங்கள். துண்டுகளைக் குறையுங்கள், பிங்க்கை மாற்றுங்கள், அளவைக் குறையுங்கள். கூலியைக் குறைக்காதீர்கள்.

ஓடுகிறவர்கள் சிலர் ஓடத்தான் செய்வார்கள். தங்கிவிடுபவர்களுக்குச் செய்யும் வேலை நன்றாக வரும்.

விலை ஏறும் நேரத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கலாமா?

தொடங்குங்கள். வெட்டிப் பழக ஜன்னல் கண்ணாடிக் கடையில் கிடைக்கும் கழிவுத் துண்டுகளே போதும். நேர்கோடு, வளைவு, உள்வளைவு என்று கை பழகும்வரை வண்ண ஷீட் பக்கம் போக வேண்டியதில்லை. அப்புறம் சிறிய ஷீட் துண்டுகள் எடைக்கு விற்கிறார்களா என்று கடைகளில் கேளுங்கள். முழு ஷீட்டை விட மலிவு, சூரியகாந்திப் பூவோ மீனோ செய்ய அது போதும். கட்டர் மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

விலை ஏறும் முன் மொத்தமாக வாங்கி வைப்பது புத்திசாலித்தனமா?

கண்ணாடி கெட்டுப்போகாது, சால்டரும் கெடாது. ஆனால் பணம் முடங்கும், இடம் அடைக்கும். ஒரு வேலைக்கான பின்னணிக் கண்ணாடியை மட்டும் எப்போதும் ஒரே தடவையில், கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். அடுத்த வார்ப்பில் நிறம் லேசாக மாறிவிடும், நடுவழியில் தீர்ந்தால் பொருந்தாது. சால்டர் விலை இறங்கும் நேரத்தில் சில மாதத்துக்கு வேண்டியதை எடுத்து வைக்கலாம். ஃப்ளக்ஸ், ஃபாயில் இரண்டையும் நிறையச் சேர்க்க வேண்டாம். ஃபாயிலின் பசை நம் ஊர் வெக்கையில் காய்ந்துவிடும், கடலோர ஊர்களில் செம்பு கறுத்துவிடும், காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள். ஷீட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள். மரத் தட்டியில் செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் ஆலையின் பெயர், நிற எண், வாங்கிய விலை, தேதி எழுதிய ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அடுத்த விலைப்பட்டியல் போடும்போது அந்த ஸ்டிக்கர் விலையைப் பார்க்காமல், அன்றைய கடை விலையைக் கேட்டுப் போடுங்கள். விற்ற ஷீட்டுக்குப் பதிலாக நீங்கள் வாங்கப்போவது அந்த விலைக்குத்தான்.